நீ கழித்துவிட்ட மேடு

அன்பு மகனுக்கு என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதுகிறேன். அன்பில் குறைவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அன்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நீ நெதர்லாந்துக்குப் போகிறாய். பூமியை வானத்திலிருந்து பார்த்து ஆராய்கிற பெரிய நிலையம் ஒன்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து உன் சித்தி அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். பெற்றவள் நான் மட்டும் இன்னும் ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை என்று உன் அப்பாவுக்கு வருத்தம். இனி எழுதப்போகிற இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான் அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் நீ இரண்டு கைகள் கூப்பியிருக்கிற பொம்மையைத்தான் பதிலாக அனுப்பினாய். பொம்மையோடு பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் நம் ஊர் வாசகர்கள் நடத்துகிற மாத இதழுக்கு இதைக் கொடுக்கிறேன். உன் பெயர், என் பெயர் இரண்டையும் எடுத்துவிட்டேன். உன் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருப்பான். மற்றவர்களுக்கு அவன் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் பெற்றவர்கள் தங்கள் பழைய தவறுகளைச் சொல்லிக் கண்கலங்குவது வழக்கம். நானும் தேடிப்பார்த்தேன். இந்த விஷயத்தில் என் பங்குக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கால்வாய், மதகு, பாலம் என்று காலமெல்லாம் கோடு போட்டவள். நீ கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று ஒரு இணைய வரைபடத்தைக் காட்டினாய். அதில் லண்டனில் ஒவ்வொரு மரமும் இருந்தது. நம் தூத்துக்குடியில் துறைமுகச் சாலையும் ரயில் நிலையமும் தாண்டினால் வெறும் வெள்ளை. "நம்ம ஊரு கெடக்கிற லட்சணத்தப் பாத்தியாம்மா, நாமளே வரையலாம்" என்றாய். அந்த விடுமுறை முழுக்க அப்பாவின் பழைய டிவிஎஸ்ஸில் நான் பின்னால் உட்கார, நீ ஓட்ட, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களில் இருந்து கடற்கரை வரைக்கும் வெயிலில் அலைந்தோம். உன் மூக்கு தோலுரிந்துவிட்டது. பின்னாளில் நீ எத்தனையோ சான்றிதழ் வாங்கினாய். அந்தத் தோலுரிந்த மூக்கின்மீது இருக்கிற மரியாதை எனக்கு அவற்றில் ஒன்றின்மீதும் இல்லை.

பனைமேட்டுக்கு நாம் போனது அப்போதுதான். ஆத்தூருக்கும் கடலுக்கும் நடுவே, உப்பளங்களுக்குள் திட்டாக நிற்கிற ஒரு மேடு. அளத்தில் உப்பு வாருகிறவர்களின் கொஞ்சம் வீடுகள், மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கெபி, உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி, அவ்வளவுதான். வரப்புமேல் வண்டி சறுக்கி நீ விழுந்தாய். சந்தனமாரி என்கிற பெண் ஓடிவந்து உன் முழங்காலைக் கழுவிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் முத்தையா, வரைபடம் என்றதும் சிரித்துவிட்டு, "எங்க ஊரு பஸ்ஸுக்காரனுக்கே தெரியாது, ஆகாசத்துல இருந்து எவனுக்குத் தெரியப்போவுது" என்றார். நீ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வீடாக அவர் காட்டக் காட்டக் கட்டம் போட்டாய். இதெல்லாம் உனக்கு மறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறந்திருந்தால்கூட உன்மேல் எனக்கு இவ்வளவு ஏளனம் வந்திருக்காது.

நீ வேலைக்குப் பெங்களூர் போனாய். நான் வரைவதை விடவில்லை. காயல்பட்டினத்துப் பாத்திமுத்து எனக்குத் துணையாகச் சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அவளோ காயலில் பெண்கள் நடக்கிற குறுகலான சந்துகள், அந்த முடுக்குகள் எந்த வரைபடத்திலும் இல்லையே என்று கோபப்பட்டு, ஒவ்வொரு முடுக்காக வரைய ஆரம்பித்தவள். ஒருநாள் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்: எங்கோ தொலைதூரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தன்னார்வலர், மேலிருந்து எடுத்த படத்தில் உப்பளம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்து வளைத்துக் கோடு போட்டு, மொத்தத்தையும் ஏரி என்று குறித்துவிட்டார். பனைமேடும் அந்த ஏரிக்குள் போய்விட்டது. அந்த ஆள்மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்ததை வரைந்தார்; பார்த்தது தப்பு. நானும் பாத்திமுத்துவும் ஏரியை அழித்து, உப்பளத்தை உப்பளம் என்று குறித்து, மேட்டை மேடாகப் பிரித்துப் போட்டோம். அவருக்குக் காரணமும் எழுதினோம். மன்னிப்பு கேட்டு, நன்றியும் சொல்லிப் பதில் எழுதினார். ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரால் முடிந்தது அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

உன் அலுவலகத்துக்கு வருகிறேன். வெள்ளம் வந்தால் ரேடார் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சில மணி நேரத்தில் வரைபடம் போட்டுத் தருகிற கம்பெனி. ரேடாருக்கு மேகமும் மழையும் தடையில்லை; தண்ணீர் நிற்கிற இடம் கறுப்பாகத் தெரியும் என்று நீ எனக்கு விளக்கியபோது பெருமையாகத்தான் இருந்தது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளம் இல்லை. ஆறும் குளமும் எப்போதும் கறுப்புத்தான். ஆகவே எப்போதும் தண்ணீராக இருக்கிற இடங்களை முதலில் கழித்துவிட வேண்டும், மிச்சம்தான் வெள்ளம். எது எப்போதும் தண்ணீர் என்று உங்கள் மிஷினுக்குக் கற்றுக்கொடுக்க ஆளனுப்பி அளந்தீர்களா? இல்லை. எங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டீர்கள். எடுங்கள், எல்லோருக்கும் என்றுதானே வரைந்தோம். ஆனால் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வேறு கொடுத்தார் உன் டைரக்டர்: குடிமக்கள் விஞ்ஞானிகள். கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் பட்டம் கொடுப்பார்கள் என்பது எனக்கு அரசாங்க உத்தியோகத்திலேயே தெரியும்.

அந்த மழை வந்தது. தாமிரபரணி கரை மீறி ஆத்தூர்ப் பக்கம் எல்லாம் கடலாகிவிட்டது. நம் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். காலையில் சந்தனமாரி போன் பண்ணினாள். எல்லோரும் கிட்டங்கிக் கூரைமேல் ஏறி நிற்பதாகவும், தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதாகவும், எந்தப் படகும் வரவில்லை என்றும் சொன்னாள். பாதியில் துண்டித்துவிட்டது. நான் உனக்குப் போன் அடித்தேன். உங்கள் வரைபடத்தை அச்செடுத்துப் பார்த்துத்தான் அதிகாரிகள் படகுகளை அனுப்புகிறார்கள் என்று முந்தின நாள் நீயே பெருமையாகச் சொல்லியிருந்தாய்.

"ஏலே, பனைமேட்டுல ஆளுங்க மாட்டிக்கிட்டாவ. சொல்லி ஒரு போட்டு அனுப்பச் சொல்லு" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தாய். பிறகு, "இல்லம்மா, எங்க மேப்புல அங்கன பாதிப்பு எதுவும் காட்டலியே" என்றாய்.

"அவ இப்பத்தான் பேசினாளே."

"பயத்துல சொல்லுவாங்கம்மா. நான் டீம்ல கேட்டுட்டுக் கூப்பிடுதேன்" என்றாய்.

நீ கூப்பிடவில்லை. உனக்கு வேலை இருந்திருக்கும். நான் பாத்திமுத்துவைக் கூப்பிட்டேன். அவள் ஏன், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் தம்பி தன் பைபர் படகை எடுத்தான். உன் அப்பா லாரி செட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு லாரியைப் பிடித்தார். படகை லாரியில் ஏற்றித் தண்ணீர் தொடங்குகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கேயிருந்து எதிரோட்டத்தில் தள்ளித் தள்ளிப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கூரைமேல் இருந்தவர்களை ஒவ்வொரு தடவையாக ஏற்றிக் கரைசேர்த்தார்கள். முத்தையா அதில் இல்லை. மதியம்வரை பார்த்துவிட்டு, ஒருத்தரும் வரமாட்டார்கள், நாம் இங்கே இருப்பதே எவனுக்கும் தெரியாது என்று சொல்லி, ஒரு காலி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் ஆள் கூட்டிவருவதாக இறங்கியிருக்கிறார். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு அளத்து வரப்போரம் கிடைத்தார். உன் அப்பாதான் அடையாளம் சொன்னார்.

பிறகுதான் விவரம் வந்தது, அதுவும் உன் வாயிலிருந்தே. எங்கள் வரைபடத்தை நீங்கள் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டதோடு சரி. அதன்பிறகு புதுப்பிக்கவே இல்லை. நாங்கள் ஏரியை அழித்துத் திருத்தியதெல்லாம் உங்களிடம் வந்து சேரவில்லை. உங்கள் மிஷினுக்கு உப்பளம் முழுக்க ஏரிதான். ரேடாரில் பனைமேடு கறுப்பாகத்தான் தெரிந்தது, செயற்கைக்கோள் பார்த்தது. எப்போதும் தண்ணீர்தானே என்று நீங்கள்தான் கழித்துவிட்டீர்கள். அச்செடுத்த படத்தில் அந்த இடம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. வெள்ளம் என்று சிவப்பு போட்டிருந்த இடத்துக்கெல்லாம் படகு போயிற்று. படம் சரியாக இருந்தால் மட்டும் பனைமேட்டுக்குப் படகு போயிருக்குமா என்று நீ கேட்டாய். போகாமலும் இருந்திருக்கலாம். நான் சின்னப்பிள்ளை இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை உனக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு நீங்கள் வெட்கப்பட்டு ஒதுங்கி இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நம் ஊர் ஓட்டல் ஒன்றில் ஏ.சி. ஹாலில் கூட்டம் போட்டீர்கள். வாசலில் ரோஜாப்பூவும் கல்கண்டும் வேறு. எங்களை அழைத்ததற்குக் காரணம், மேடையில் காட்டத் தன்னார்வலர்கள் வேண்டுமே. எனக்கும் பாத்திமுத்துவுக்கும் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பேனா, உங்கள் கம்பெனி பெயர் போட்ட தண்ணீர் பாட்டில். தண்ணீர் பாட்டில், நன்றாக யோசித்திருக்கிறார்கள். டைரக்டர் ஒரு மணி நேரம் பேசினார். எத்தனை வேகம், எத்தனை துல்லியம், எத்தனை உயிர்கள். நீ பக்கத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாய். திரையில் காட்டிய கடைசிப் படத்துக்கு முந்தின படத்தில், குறைபாடுகள் என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி: தன்னார்வலர் தரவுகளில் இருந்த பிழையால் சில இடங்கள் விடுபட்டிருக்கலாம்.

நான் எழுந்தேன். பிழை எங்களுடையது என்றால், அதை நாங்கள் வெள்ளத்துக்கு வெகு முன்பே திருத்திவிட்டோமே, அந்தத் திருத்தம் ஏன் உங்களிடம் இல்லை என்று கேட்டேன். தமிழிலேயே கேட்டேன். டைரக்டர் என்னைப் பார்த்து, பல் டாக்டர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். "அருமையான கேள்விம்மா. இந்த மாதிரி ஆர்வம்தான் எங்களுக்கு வேணும்" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி, இதைப் பற்றி நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். மைக் உன் கையில் இருந்தது. நீ தரவின் தரம் என்பது உலகளாவிய சவால் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். பாத்திமுத்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எனக்கு அந்த நேரத்தில் கோபம்கூட இல்லை. வாழைப்பழத்தில் பாதி அழுகியிருப்பதை உரித்த பிறகு பார்க்கிற ஒருத்திக்கு இருக்கிற முகச்சுளிப்பு, அவ்வளவுதான்.

அன்றைக்கு நீ வீட்டில்தான் சாப்பிட்டாய். சீலா மீன் குழம்பு வைத்திருந்தேன். நீயோ, பனைமேடு விடுபட்டது ஏற்கெனவே தெரிந்த குறைபாடு, அறிக்கையில் எழுதுவது நடைமுறை, யாருடைய பெயரையும் சொல்லவில்லையே, இதற்குப் போய்க் கூட்டத்தில் எழுந்து மானத்தை வாங்குகிறாயே என்று கேட்டாய். உன் அப்பா கை கழுவப் போகும்போது சொன்னார்: "நாந்தாம்ல முத்தையாவப் பெரட்டிப் பாத்தேன். அவம் பேரயாவது நீ சொல்லியிருக்கலாம்." நீ அதற்கும் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாய். அவர் கேட்க நிற்கவில்லை.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடுத்தவன் சும்மா கொடுத்ததை வாங்கி வேலை பார்க்கிறவனுக்கு, காசு கொடுத்து வாங்கியவனைவிடக் கடமை அதிகம். காசு கொடுத்தவன் விற்றவனோடு சண்டை போடலாம். சும்மா வாங்கியவன் தானே சரிபார்க்க வேண்டும், தானே போய்ப் பார்க்க வேண்டும், தப்பு கண்டால் கொடுத்தவனிடம் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் எங்கள் வரைபடத்திலிருந்து இவ்வளவு எடுத்தீர்களே, ஒரு திருத்தமாவது திருப்பிப் போட்டீர்களா? உங்கள் கம்பெனியில் அத்தனை பேரில் ஒருவன் ஒரு தெருவையாவது வரைந்திருக்கிறானா? வரைந்தவன் நீ ஒருவன். அதையும் வேலைக்குச் சேர்ந்த அன்றோடு நிறுத்திவிட்டாய். வானத்திலிருந்து பார்க்கிறோம், பார்க்கிறோம் என்கிறீர்கள். பார்த்ததைக் கழித்துவிடுவதற்கு அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை.

ஒரு வேகத்தில், நாம் வரைந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விடலாம், அப்போது எதை எடுப்பார்கள் பார்ப்போம் என்று பாத்திமுத்துவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுவளுக்கா வரஞ்சோம் அக்கா? எங்க முடுக்க அழிச்சா, நாளைக்கு ஆம்புலன்சுக்காரன் எந்த வழியா வருவான்?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. நாங்கள் தொடர்ந்து வரைகிறோம். உங்கள் கம்பெனியும் தொடர்ந்து எடுக்கும். எடுக்கட்டும்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாய். நம் வீட்டுக்கு வரவில்லை. பனைமேட்டுக்குப் போயிருக்கிறாய், கேமராக்காரன் ஒருவனோடு. சந்தனமாரிதான் எனக்குச் சொன்னாள். தாடியும் கண்ணாடியுமாக இருந்தாயாம், அவளுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. வெள்ளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்றாயாம். கூரையைக் காட்டச் சொல்லி, அவளைக் கிட்டங்கி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தீர்களாம். வெளிநாட்டில் காட்ட என்று கேமராக்காரன் சொன்னானாம். படத்தைப் பயன்படுத்த அவளிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள். உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். நீ கம்பெனியின் பெயரைச் சொல்லியிருக்கிறாய்.

நான் மறைக்கவில்லை. வந்தது என் மகன் என்றும், படகு அனுப்பச் சொல்லி நான் போன் பண்ணியது இவனுக்குத்தான் என்றும், பாதிப்பு இல்லை என்று சொன்னவன் இவன்தான் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த உப்பு வாரும் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அதான் டீய வாயில வைக்காமப் போனாவளா" என்றாள். "கேமராக்காரரு ரெண்டு தம்ளரு குடிச்சாரு. இவிய கையிலயே வச்சிக்கிட்டு நின்னாவ. ஆடை கட்டிப் போச்சி. எறக்கி வச்சிட்டுப் போயிட்டாவ."

இந்தக் கதை முழுக்க நீ செய்த காரியங்களில் நான் காறித் துப்பாத ஒன்று உண்டென்றால், அந்த டீயைக் குடிக்காமல் வைத்தது. அதை வைத்துக்கொண்டு உன்னை நல்லவன் என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. அறிக்கையில் உன் பெயர் முதலாவதாக இருக்கிறது. பிழை தன்னார்வலர்களுடையது என்கிற அந்த ஒரு வரியைத் திருத்த உன்னால் முடியும். பழைய வரைபடத்தைப் புதுப்பிக்காமல் விட்டது நாங்கள்தான் என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. வேலை போனால் போகட்டும். நெதர்லாந்துக்குப் போகாவிட்டால் தூத்துக்குடியில் உனக்குச் சோறு இருக்கிறது.

விமான நிலையத்துக்கு அப்பா வருவார். நான் வரவில்லை. அதற்கு முன்னால் நீ பனைமேட்டுக்கு வருவாய், உன் பெயரை நீயே சொல்வாய் என்று சந்தனமாரியிடம் நான் வாக்கு கொடுக்கவில்லை. உனக்காக வாக்கு கொடுக்கிற தைரியம் எனக்கு இப்போது இல்லை. அவன் வந்தால் உட்கார இடம் தருவாயா என்று மட்டும் கேட்டேன். சந்தனமாரி பலகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அளத்துக்குப் போகத் திரும்பினவள் நின்று சொன்னாள்:

"வரட்டும் யக்கா. கேமராவ மட்டும் கொண்டாரக் கூடாதுன்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன்.